வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது?

மாலை ஏழு மணிக்கு மேல் நம் மாணவர் பொது அறைக்குச் சென்று பாருங்கள். பூல் மேஜையைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். இருவர் ஆடுவார்கள், பதினெட்டுப் பேர் ஆலோசனை கூறுவார்கள். பந்து குழியில் விழுந்தால் கைதட்டல்; விழாவிட்டால் ‘அடடா!’ என்று ஓர் ஒலி. அந்தக் கைதட்டல் அடங்கிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பவர் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் இல்லை. ஆடியவரும் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் கைதட்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று ஆண்டுகள் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றவன். கைதட்டியும் இருக்கிறேன்; கைதட்டல் வாங்கியும் இருக்கிறேன். ஆகவே இந்தக் குறையை எடுத்துச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று எண்ணுகிறேன். நம் மேஜையில் ஆட்டம் நடக்கிறது, பயிற்சி நடப்பதில்லை. பயிற்சி செய்ய விரும்புகிறவரை நாம் விடுவதும் இல்லை. இந்த இரண்டாவது குற்றத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஆயினும் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவது விளங்காது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் இந்த மேஜைக்கு வருமுன் கேரம் பலகையில் கை பழகியவர்கள். தெருமுனை மன்றத்தில் ஒற்றை விளக்கின் கீழ் பவுடர் தூவி ஆடிய ஆட்டத்தை யார் மறப்பார்கள்? கேரத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்களும் அல்லர். இரு முறை உலகப் பட்டம் வென்று, கேரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். குறி பார்க்கும் கண், காயை வெட்டி அடிக்கும் கோணம், ஓரக் கட்டையில் மோதித் திரும்பும் கணக்கு ஆகியவை நமக்கு அங்கேயே வந்துவிடுகின்றன. வடக்கத்தி நண்பர்கள் நம்மவர் பந்து விழுத்துவதைக் கண்டு வியப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் அதே கேரம் ஒரு கெட்ட பழக்கத்தையும் நம் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறது. கேரத்தில் ஸ்ட்ரைக்கர் ஒவ்வோர் அடிக்கும் பிறகு நம் கைக்குத் திரும்பி வருகிறது. கோட்டின் மேல் வேண்டிய இடத்தில் வைத்து அடுத்த காயை அடிக்கலாம். காய் விழுந்ததா என்ற ஒன்றே கவலை. ஸ்ட்ரைக்கர் எங்கே ஓடி நின்றால் என்ன? பூல் ஆட்டத்தில் அப்படி இல்லை. எதிராளி தவறு செய்தாலன்றி வெள்ளைப் பந்தை நாம் கையால் தொட முடியாது. அது எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஒரு பந்தை அருமையாக விழுத்திவிட்டு, வெள்ளைப் பந்தை இன்னொரு பந்தின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கிறோம். நம் கண்ணுக்கு ஸ்ட்ரைக்கர் இன்னும் கைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது!

எனக்கு இது புரிந்தது ஒரு மார்க்கரால். பழைய கிளப்புகளின் பில்லியர்ட்ஸ் அறையில் புள்ளி எண்ணவும், பந்தை எடுத்து வைக்கவும், துணை இல்லாமல் வரும் உறுப்பினருடன் ஆடவும் ஓர் ஆள் இருப்பார். அவருக்கு மார்க்கர் என்று பெயர். புள்ளி எண்ணுவது சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான தொழில் ஆட்டம் கற்றுக்கொடுப்பது. இளமையில் அப்படி இருந்த ஒரு முதியவர் கடைவீதிக்குப் பின்னால் உள்ள ஒரு பூல் பார்லரில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ‘சாச்சா’ என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ஒரு நாள் நான் நான்கு பந்துகளைத் தொடர்ந்து விழுத்திவிட்டு அவர் பக்கம் பார்த்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்?

அவர் எழுந்து வந்து மேஜையில் இருந்த வண்ணப் பந்துகளை எல்லாம் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். வெள்ளைப் பந்து மட்டும் மிஞ்சியது.

‘பேட்டா, இதை நேராக அந்த எதிர்ப்பக்க குஷனில் அடி. திரும்பி வந்து உன் கியூவின் முனையில் தொட வேண்டும்.’

‘அவ்வளவுதானா, சாச்சா?’

‘அவ்வளவுதான்.’

இருபது முறை அடித்தேன். முனைக்குத் திரும்பி வந்தவை இரண்டு. மற்றவை இடத்துக்கும் வலத்துக்குமாக ஊர்வலம் போயின. முனை பந்தின் நடுவுக்கு வலப்புறம் பட்டால், பந்து குஷனில் மோதியபின் வலப்புறமாக விலகித் திரும்பும். இடப்புறம் பட்டால் இடப்புறம். நடுவில் அடிப்பதாக மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். என் கை வேறெங்கோ அடித்துக்கொண்டிருந்தது. குழி அகலமாக இருந்ததால் அந்தப் பொய் வெளிப்படவில்லை. ஒரே ஒரு பந்தையும் ஒரு குஷனையும் வைத்து அவர் அதைக் கால்மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

பத்து நாள் அவர் எனக்கு வேறு பந்தைக் கொடுக்கவில்லை. நேராகப் போய் நேராகத் திரும்பும் அடி முடிந்ததும் வேகம் பழக்கினார். எதிர் குஷனை மெல்லத் தொட்டு நிற்கும்படி ஓர் அடி. போய்த் திரும்பி இந்தப் பக்க குஷனை ஒட்டி நிற்கும்படி ஓர் அடி. மறுபடியும் எதிர்ப்பக்கம் போய் நிற்கும்படி ஓர் அடி. ஒன்பதடி மேஜையில் ஆடும் பரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். ஆகவே ஒரு நீளம், இரண்டு நீளம், மூன்று நீளம் என்று கைக்கு மூன்று அளவுகள் பதிந்துவிடுகின்றன. நம் பொது அறையில் வேகத்துக்கு இரண்டே அளவுதான் உண்டு: பலமாக, இன்னும் பலமாக!

இனி, அவர் கொடுத்த பாடங்களில் நான் மிகப் பெரிதாக மதிப்பதைச் சொல்கிறேன். வெள்ளைப் பந்தை நிறுத்தும் அடி அது. ஒரு வண்ணப் பந்தைக் குழிக்கு நேராக வைக்க வேண்டும். அதே நேர்க்கோட்டில், ஒரு சாண் பின்னால் வெள்ளைப் பந்து. அடித்தால் வண்ணப் பந்து குழிக்குப் போக வேண்டும்; வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். முன்னே ஓர் அங்குலம் நகர்ந்தாலும் தோல்வி. பின்னே ஓர் அங்குலம் வந்தாலும் தோல்வி.

பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகள் நேருக்கு நேர் மோதினால், வந்தது தன் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் நின்றதற்குக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுவிடும். ஆனால் தன் சுழற்சியை அது கொடுப்பதில்லை. உருண்டுகொண்டு வந்த பந்தாக இருந்தால், மோதிய மறுகணம் அந்தச் சுழற்சி துணியைப் பற்றிக்கொண்டு அதை முன்னே இழுத்துச் செல்லும். பின்சுழற்சியுடன் வந்தால் பின்னே இழுத்து வரும். ஆகவே நிறுத்த வேண்டுமானால், மோதும் அந்தக் கணத்தில் வெள்ளைப் பந்து முன்னும் சுழலாமல் பின்னும் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு சாண் தூரத்தில் இது எளிது. நடுவில் அழுத்தமாக அடித்தால் போதும். தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். மேஜையின் மரச்சட்டத்தில் பதித்திருக்கும் சிறு புள்ளிகள் வெறும் அலங்காரம் என்று எண்ணியிருந்தேன், அவை அளவுகோல். ஒன்பதடி மேஜையில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 12½ அங்குலம். இரண்டு புள்ளி தூரம், மூன்று புள்ளி, நான்கு என்று வெள்ளைப் பந்தைப் பின்னே தள்ளிக்கொண்டே போனால், துணியின் உராய்வு அதை வழியிலேயே உருட்டத் தொடங்கிவிடும். அதற்கு ஈடுகட்ட நடுவுக்குக் கீழே அடித்துப் பின்சுழற்சி கொடுத்து அனுப்ப வேண்டும். துணி அந்தப் பின்சுழற்சியை வழியெல்லாம் தின்றுகொண்டே போகும். தின்று முடியும் கணமும் மோதும் கணமும் ஒன்றாக வேண்டும். எவ்வளவு கீழே, எவ்வளவு வேகம் என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. துணி புதிதா பழையதா, மழைக்கால ஈரம் ஏறியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாலையில் ஆறு அடி அடிப்பவனுக்குக் கை பதில் சொல்லாது. ஒரே அடியை நாற்பது முறை அடிப்பவனுக்குத்தான் சொல்லும்.

நிறுத்த வந்துவிட்டால் மற்றவை தாமே வருகின்றன. இன்னும் கொஞ்சம் கீழே அடித்தால் பந்து பின்னே வருகிறது. மேலே அடித்தால் தொடர்ந்து முன்னே போகிறது. கால்தாள் அளவுள்ள ஒரு காகிதத்தை மேஜையில் போட்டு, வெள்ளைப் பந்து அதன்மேல் வந்து நிற்கும்படி அடித்துப் பாருங்கள். பிறகு காகிதத்தை இடம் மாற்றுங்கள். இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது. கியூவின் முனையை நடுவிலிருந்து பந்தின் ஆரத்தில் பாதிக்கு மேல் விலக்கினால் முனை வழுக்கி ‘டக்’ என்று ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சாக் தடவினாலும் அந்த எல்லையைக் கடக்க முடியாது.

சாய்வாக வெட்டும் அடிகளுக்கும் கணக்கு உண்டு. வழுக்கிச் சென்று மோதும் வெள்ளைப் பந்து, வண்ணப் பந்து போகும் வழிக்குச் செங்கோணமாகப் பிரிந்து போகும். உருண்டு சென்று மோதினால், மிக மெல்லிய வெட்டும் ஏறக்குறைய முழு மோதலும் நீங்கலாக, தான் வந்த வழியிலிருந்து சுமார் 30 பாகை விலகிப் போகும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்துப் பிடித்தால் ஏறக்குறைய அந்தக் கோணம் கிடைக்கும். ஒரு விரலை அடிக்கும் திசையில் நீட்டினால் மற்ற விரல் வெள்ளைப் பந்து போகும் திசையைக் காட்டும். மேஜைமேல் குனிந்து விரலை விரித்துப் பார்ப்பவரை நம் கூட்டம் கேலி செய்யும். செய்யட்டும்.

கொரியோலி என்ற பெயரைக் கேட்டால் பூகோளம் படிப்பவர்களுக்குக் காற்று திசை மாறுவதுதான் நினைவுக்கு வரும். அதே பிரெஞ்சு அறிஞர் 1835இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் கணிதத்தைப் பற்றித் தனியாக ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கில் கிடைமட்டமாக அடித்தால், அது தொடக்கத்திலிருந்தே வழுக்காமல் உருளும் என்பது இந்தக் கணிதத்தில் வருவது. பூல் பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர் என்பதால், துணியிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரம். விடுதியில் பொறியியல் படிப்பவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் இதை அளந்து பார்த்ததில்லை!

மற்றப் பயிற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலைக் குழியைச் சுற்றிப் பந்துகளை ‘ட’ வடிவில் வைத்து, ஓரத்திலிருந்து வரிசையாக ஒன்றையும் விடாமல், வெள்ளைப் பந்து வேறு எதையும் தொடாமல், விழுத்திக்கொண்டு வருவது ஒன்று. மூன்றே பந்துகளை மேஜையில் உருட்டிவிட்டு, கடைசிப் பந்தில் தொடங்கிப் பின்னோக்கி யோசித்து, எதன் பின் எது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆடுவது மற்றொன்று. இரண்டாவது சதுரங்கத்துக்கு ஒப்பானது. தோற்பது அதில் ஒரு சுகம். எதைச் செய்தாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். நான்கு புள்ளி தூரத்தில் நிறுத்தும் அடி, முதல் வாரம் எனக்குப் பத்துக்கு இரண்டு. ஆறாவது வாரம் ஏழு. அதற்குமேல் பல மாதம் ஏறவில்லை. அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எதற்கு, விளையாட்டுத்தானே என்று கேட்பீர்கள். வில்சன் ஜோன்ஸ் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். அவர் ஆடிய ஆட்டத்தில் மேஜையில் இருப்பவை மொத்தம் மூன்று பந்துகள்! விழுத்துவதற்கு வரிசையாகப் பதினைந்து பந்துகள் காத்திராத அந்த ஆட்டத்தில், ஓர் அடி முடிந்ததும் மூன்று பந்துகளும் மறுபடி வசதியான இடங்களில் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பதே அந்த ஆட்டம்.

பூல் ஆட்டத்திலும் கதை இதுவே. 1954இல் அமெரிக்காவில் வில்லி மொஸ்கோனி 526 பந்துகளைத் தவறாமல் தொடர்ந்து விழுத்தினார். அந்தச் சாதனை அறுபத்தைந்து ஆண்டுகள் நின்றது. 2019இல் ஜான் ஷ்மிட் 626 விழுத்தி அதைக் கடந்தார். 2022இல் ஜேசன் ஷா 714 விழுத்தினார். இவர்கள் நாம் கைப்பேசியில் பார்த்து வாய் பிளக்கும் வித்தை அடிகளை நம்பியா அத்தனை பந்துகளை விழுத்தினார்கள்? பெரும்பாலும் நீங்களும் நானும் விழுத்தக்கூடிய அடிகள்தாம் அவை. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வெள்ளைப் பந்து அடுத்த எளிய அடிக்கு வந்து நின்றிருக்கிறது. வேறு மாயம் இல்லை. ஷ்மிட் தம் 626ஐ எதிராளியில்லாமல், தனியே பலமுறை முயன்று தோற்றபின் எட்டினார் என்பதையும் கவனியுங்கள். தனியே நின்று ஆடுவது பைத்தியக்காரத்தனம் என்றால் அந்தப் பைத்தியத்துக்குப் பலன் இருக்கிறது.

இனி நம் பொது அறைக்கு வருகிறேன். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. நான் வந்தபோதே இருந்தது. வென்றவர் மேஜையில் நிற்பார். தோற்றவர் விலகி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போகுமுன் வென்றவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். ‘பூல்’ என்ற பெயரே ஆடுவோர் கூட்டாகப் போட்ட பந்தயப் பணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம்மவர் பெயருக்கு ஏற்றபடி நடக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் இதன் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆட்டம் கால்மணி நேரம். மாலை ஏழு முதல் பத்து வரை பன்னிரண்டு ஆட்டம். புதிதாக வருகிறவருக்கு இரவுக்கு ஒரு முறை இடம் கிடைத்தால் பெரிது. கைதேர்ந்தவர் எதிரே நிற்கிறார். புதியவருக்குக் கிடைப்பது ஐந்தாறு அடி. வாரம் முழுவதும் தவறாமல் வந்தாலும் நாற்பது அடி. ஏழு தேநீர்ச் செலவு. தனியே அரைமணி நேரம் நின்றால் நூறு அடி அடிக்கலாம். யார் அதிகம் பழக வேண்டுமோ அவருக்கு மிகக் குறைவாகவும், யார் முன்பே பழகிவிட்டாரோ அவருக்கு மிக அதிகமாகவும் மேஜையைப் பங்கிட்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு முதலாண்டு மாணவர் ஒருவர் மூன்று வாரம் வந்தார். ஊரில் கேரம் ஆடியவர். கண் நல்ல கண். எடுத்த எடுப்பிலேயே நீண்ட வெட்டு ஒன்றை விழுத்தி எங்களை நிமிர்ந்து பார்க்க வைத்தார். அடுத்த அடிக்கு வெள்ளைப் பந்து வழி இல்லாத இடத்தில் நின்றது, தோற்றார். ஒவ்வோர் இரவும் இதே கதை. ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கே வந்து, யாரும் இல்லாத மேஜையில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர், ‘என்னப்பா, பந்தோடு தனியாகப் பேசுகிறாயா? ஆள் இல்லாவிட்டால் சொல், நான் வருகிறேன். தேநீருக்குக் காசு இருக்கிறதா?’ என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சில நாளில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். உணவுக்கூடத்தில் பார்த்துக் கேட்டபோது, ‘எனக்கு இதெல்லாம் வராது, அண்ணா’ என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் வாங்கித் தந்த தேநீரில் நானும் நான்கைந்து கோப்பை குடித்திருக்கிறேன்.

அவருக்கு வராது என்பது பொய். சாச்சாவை நான் சந்திக்கும்வரை எனக்கும் வரவில்லை. அவருக்கு ஒரு சாச்சா கிடைக்கவில்லை. கிடைத்திருந்த மேஜையையும் நாங்கள் சிரித்தே பிடுங்கிவிட்டோம்.

மாணவியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேஜை எல்லோருக்கும் பொது என்று சுவரில் எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் கியூவைத் தொட்ட மாணவியர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும். பதினெட்டு ஆலோசகர்களுக்கு நடுவே, முதல் அடியிலேயே தோற்று, தேநீர் வாங்கித் தர யார் வருவார்? 2025 நவம்பரில் தோகா நகரில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்ற அனுபமா இராமச்சந்திரன் சென்னைப் பெண். அந்தச் செய்தியை நம் மன்றத்துப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டினோம். ஒட்டிய பலகைக்குப் பத்தடி தூரத்தில்தான் நம் மேஜை இருக்கிறது.

எனக்கு வந்த மறுப்புகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘ஆடிக்கொண்டே இருந்தால் தானாகப் பழகும்’ என்பது ஒன்று. ஓரளவு உண்மை. ஆட்டத்தில் வரும் பதற்றம் தனியே நின்றால் வராது. அதையும் பழகத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தில் ஒரே நிலை இரண்டு முறை வருவதில்லை. தவறிய அடியை மறுபடி அடித்துப் பார்க்க எதிராளி விடமாட்டார். தவறு எங்கே என்று தெரியாமலே அடுத்த தவறுக்குப் போகிறோம். என் மூன்று ஆண்டுகளே அதற்குச் சாட்சி.

‘படிப்புக் களைப்பில் சிரித்துப் பேச வருகிறோம், அங்கேயும் பாடம் நடத்தாதே’ என்பது மற்றொன்று. இதற்கு எனக்கு மரியாதை உண்டு. மாலை நேரச் சிரிப்பைக் கெடுக்க நான் விரும்பவில்லை; வேண்டியவர் வேண்டிய தேநீரை வைத்து ஆடட்டும். பகலில் பல மணி நேரம் அந்த மேஜை உறை போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கிறதே, அந்த நேரத்தில் ஒரு பகுதியைத்தான் கேட்கிறேன்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தயங்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். பூல் மேஜை என்றாலே புகையும் சூதும் என்ற எண்ணம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னும் போகவில்லை. என் தந்தையாரும் அப்படித்தான் கேட்டார். நம்மில் பலர் ஊருக்குப் போகும் ரயில் ஜபல்பூரில் நின்று போகிறது. அங்கே இருந்த ராணுவ முகாமில் 1875இல் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்ததே ஸ்னூக்கர் என்பர். பின்னாளில் பிரதமரானவர் அல்லர், இவர் வேறு. அந்த ஆட்டத்தின் விதிகள் 1882இல் எழுதி மாட்டப்பட்ட இடம் நம் உதகமண்டலத்துக் கிளப். இதை எல்லாம் சொன்னேன். அவர் அசையவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். தேதி வாரியாகப் பத்துக்கு இரண்டு, பத்துக்கு மூன்று என்று இருந்ததைச் சற்று நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதே மாதிரி கணக்குப் பாடத்துக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறாயா?’ என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

நான் மன்றத்தின் முன் வைப்பது இதுதான். காலை ஆறரை முதல் எட்டு வரை மேஜையைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். ஆளுக்கு அரைமணி, நாளைக்கு மூன்று பேர். அந்த நேரத்தில் ஆட்டம் கூடாது, பந்தயம் கூடாது, பார்வையாளர் ஆலோசனையும் கூடாது. வாரத்தில் நான்கு நாள் முதலாண்டு மாணவருக்கும் மாணவியருக்கும் முதல் உரிமை. பெயர்ப் பலகை கதவருகே மாட்ட வேண்டும். கியூ இரண்டின் முனைத் தோல் தேய்ந்து தட்டையாகிவிட்டது. புதிய தோல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான் மேலே எழுதிய எதையும் அந்தக் கியூக்களால் செய்ய முடியாது. இதற்கு ஆகும் செலவு நம் பொங்கல் விழாவின் மாலைச் செலவைவிடக் குறைவு.

பொது அறைக் குழு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கூடுகிறது. மனுவை அவர்கள் எடுத்துக்கொள்ள இருபத்தைந்து கையொப்பங்கள் வேண்டும். தாள் நம் மன்றச் செயலாளரிடம் இருக்கிறது. நான் இதை எழுதும்போது பதினொன்று சேர்ந்திருக்கின்றன. பதினோராவது, சென்ற ஆண்டு வருவதை நிறுத்திய அந்தத் தம்பியுடையது.